‘இவரால் ஜெயிக்க முடியாது’ என்று முத்திரை குத்தப்பட்ட வேட்பாளர்கள்: கோல்ட்வாட்டர், ரீகன், பேலின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினாலே குடியரசுக் கட்சிக்குள் ஒரு பழைய சண்டை புதிதாகத் தொடங்கிவிடும். கொள்கைப் பிடிப்புள்ள வலதுசாரி ஒருவரை நிறுத்தினால் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கிழித்துத் தொங்கவிடும், நடுநிலை வாக்காளர்கள் ஓடிவிடுவார்கள் என்பது ஒரு தரப்பு. ஊடகம் என்ன எழுதினாலும் உண்மையான வலதுசாரிதான் ஜெயிப்பார் என்பது மறுதரப்பு. இரண்டுமே முழு உண்மை இல்லை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு, நடந்த தேர்தல்களையும் பதிவான எண்களையும் வைத்து இங்கே பதில் சொல்கிறோம்.

வேட்பாளரின் ‘வெற்றி வாய்ப்பு’ என்பதை எதை வைத்து அளப்பது?

மேடைக்கு முன்னால் கூடும் கூட்டத்தை வைத்து அளக்கக் கூடாது. தலையங்கங்களை வைத்தும் கூடாது. நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. அதே நாளில், அதே மாநிலத்தில், அதே கட்சிச் சின்னத்தில் நின்ற இன்னொருவர் எவ்வளவு வாங்கினார், இவர் எவ்வளவு வாங்கினார் என்று பார்ப்பது. கட்சிக்கு இருக்கும் வாக்கு எவ்வளவு, வேட்பாளர் சேர்த்தது அல்லது தொலைத்தது எவ்வளவு என்பது அப்போது தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

2012-இல் மிசௌரி மாநிலத்தில் அதிபர் தேர்தலுக்கு மிட் ரோம்னி 53.8% வாக்கு வாங்கினார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அதே கட்சியின் செனட் வேட்பாளரான டாட் எய்கின் வாங்கியது 39.1%. கிட்டத்தட்ட 15 புள்ளி வித்தியாசம். அந்த மாநிலம் குடியரசுக் கட்சியை நிராகரிக்கவில்லை. எய்கினைத்தான் நிராகரித்தது.

ஊடகச் சார்பு நிஜமா? தோற்றவர்கள் சொல்லும் சாக்கா?

நிஜம். அதை மறுப்பவர்கள் 1964-ஐ ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் வேட்பாளராக நின்ற ஆண்டு அது. ‘ஃபேக்ட்’ என்ற இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. பதில் வந்தது 2,417 பேரிடமிருந்து. அவர்களில் 657 பேர் ‘தகுதியானவர்’ என்றார்கள். 571 பேர் ‘சொல்வதற்குப் போதிய தகவல் இல்லை’ என்றார்கள். 1,189 பேர் ‘தகுதியற்றவர்’ என்றார்கள். அட்டையில் அச்சானது எது? 1,189 மனநல மருத்துவர்கள் கோல்ட்வாட்டரை மனரீதியாகத் தகுதியற்றவர் என்று சொல்கிறார்கள் என்பதுதான். கேள்வித்தாள் போனவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த 1,189 பேரில் ஒருவரும் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் இல்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டார். இழப்பீடாக 1 டாலரும் தண்டத் தொகையாக 75,000 டாலரும் வழங்கும்படி தீர்ப்பு வந்தது, ஆனால் தேர்தல் முடிந்து நான்கு ஆண்டு கழித்து. நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வுப் பிரமுகரைப் பற்றி மனநலக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதி வகுத்தது. ‘கோல்ட்வாட்டர் விதி’ என்றே அதற்குப் பெயர்.

கேள்வித்தாளின் எண்ணிக்கையைப் பார்ப்பது இங்கிருந்து கிடைக்கும் பயிற்சி. எத்தனை பேருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் பதில் தந்தார்கள், தலைப்பில் எது வந்தது, எது விடுபட்டது? இந்த நான்கையும் கேட்டாலே பாதிச் சார்பு வெளியே வந்துவிடும்.

அப்படியானால் கோல்ட்வாட்டரைத் தோற்கடித்தது ஊடகம்தானா?

இல்லை. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கென்னடிக்குப் பின் அதிபரான ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் 61.1%, கோல்ட்வாட்டர் 38.5%. மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகள் 486-க்கு 52. சொந்த மாநிலமும் தென்கோடி மாநிலங்கள் ஐந்தும் தவிர எல்லாம் போயிற்று. இவ்வளவு பெரிய இடைவெளியை ஓர் இதழின் அட்டைப்படம் உண்டாக்காது. கென்னடி கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. பொருளாதாரம் நன்றாக இருந்தது. மூன்றாவது அதிபரை அதற்குள் கொண்டுவர மக்களுக்குக் காரணம் இல்லை.

அதற்கு மேல், எதிரிக்கு வேண்டிய ஆயுதங்களை அவரே எடுத்துக் கொடுத்தார். முதியோர் ஓய்வூதியம் தரும் சோஷியல் செக்யூரிட்டி திட்டத்தை விருப்பத்தின் பேரில் சேரும் திட்டமாக ஆக்கலாம் என்று நியூ ஹாம்ப்ஷயரில் பேசினார். ஜான்சன் தரப்பு ஒரு விளம்பரம் எடுத்தது: இரண்டு கைகள் சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கிழிக்கும், அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரையை அறுத்துக் கடலில் மிதக்கவிட்டால் நாட்டுக்கு நல்லது என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். ரம்பம் வைத்து அமெரிக்க வரைபடத்தை அறுக்கும் விளம்பரம் வந்தது. கிரெம்ளின் கழிப்பறைக்குள் ஒரு குண்டு போடலாம் என்று வேடிக்கையாகப் பேசியிருந்தார். 1964 செப்டம்பர் 7 அன்று, பூவிதழ்களை எண்ணும் சிறுமியும் அணுகுண்டு வெடிப்பும் கொண்ட ‘டெய்ஸி’ விளம்பரம் வந்தது. கட்டண விளம்பரமாக ஒரே ஒருமுறைதான் ஒளிபரப்பானது. கோல்ட்வாட்டர் என்ற பெயரே அதில் கிடையாது. பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது என்றால், பிம்பம் அதற்கு முன்பே ஊறிப்போயிருந்தது என்று பொருள்.

ஊடகம் சொல்லும் எல்லாமும் ஒட்டுவதில்லை. வேட்பாளரின் சொந்த வாயிலிருந்து வந்த சொல்லோடு பொருந்துவதுதான் ஒட்டும். ஒரு வேட்பாளரை எடைபோடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதே கொள்கைகளோடு ரீகன் 16 ஆண்டு கழித்து 44 மாநிலங்களை வென்றது எப்படி?

கொள்கை பெரிதாக மாறவில்லை. 1964 அக்டோபர் 27 அன்று கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசித்தான் திரைப்பட நடிகர் ரொனால்ட் ரீகன் அரசியலில் பெயர் எடுத்தார். மாறியது மற்றவை. அவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘வசீகரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிடுவது பெரும் பிழை.

முதலாவது, நேரடிப் பழக்கம். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளர்கள் நடுவே பேசியவர் அவர். எதிர்க்கருத்துக் கொண்டவர்கள் எந்த வாக்கியத்தில் முகம் சுளிக்கிறார்கள், எதில் தலையாட்டுகிறார்கள் என்பதைக் காது வழியாகக் கற்றுக்கொண்டார். ஆளுநர் பதவி முடிந்தபின் 1975 முதல் 1979 வரை, 1976 போட்டிக்காக விட்ட இடைவெளி போக, தினமும் சில நிமிட வானொலி உரைகள். பல உரைகளை அவரே கைப்பட எழுதினார். நாளிதழ்களுக்குப் பத்தியும் போயிற்று. செய்தியாளர் வழியாக அல்லாமல் அவர் குரலை நேரே கேட்டுப் பழகிய கூட்டம் ஒன்று தேர்தலுக்கு முன்பே உருவாகியிருந்தது.

இரண்டாவது, ஆண்ட பதிவு. 1967 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் கலிஃபோர்னியா ஆளுநர். வந்த முதல் ஆண்டிலேயே, பற்றாக்குறையைச் சரிக்கட்டப் பெரிய வரி உயர்வில் கையெழுத்துப் போட்டவர். தீவிர வலதுசாரிகளுக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனால் ‘இவர் கையில் ஆட்சி போனால் எல்லாம் இடிந்துவிடும்’ என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் வேறு ஏது? 1980 பிரசார விளம்பரங்களில் கணிசமானவை இந்த ஆளுநர் பதிவைப் பற்றியவை. பார்க்க அலுப்பூட்டும் விளம்பரங்கள் என்று விளம்பரத் துறையினர் குறை சொன்னார்கள். அச்சம் கொண்ட வாக்காளருக்கு வேண்டியிருந்தது அந்த அலுப்புதான்.

மூன்றாவது, தோற்றுப் பழகியது. 1976-இல் பதவியிலிருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டிடம் 1,187-க்கு 1,070 என்ற கட்சிப் பிரதிநிதிகள் கணக்கில் தோற்றார். அந்தப் போட்டியில் தன்னைப் பற்றி வரக்கூடிய எல்லாக் குற்றச்சாட்டும் வந்துபோய்விட்டன. 1980-இல் அவை பழைய செய்தி.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: எதிராளியான ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரின் நிலைமை. 1980-இல் பணவீக்கம் ஆண்டுச் சராசரியாக 13.5%. ஈரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். ஆட்சி மாற்றம் வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. ‘மாற்றாக வருபவர் ஆபத்தானவரா?’ என்ற ஒரு கேள்விக்குத்தான் பதில் பாக்கி. 1964-இல் கோல்ட்வாட்டருக்கு இந்த நான்காவது இல்லவே இல்லை.

ரீகனை ஊடகம் விட்டுவைத்ததா?

விட்டுவைக்கவில்லை. 1966 கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலிலேயே ‘வெறும் நடிகர்’ என்ற முத்திரை. அப்போதைய ஆளுநர் பேட் பிரவுனின் பிரசாரப் படம் ஒன்றில் அவர் இரண்டு பள்ளிச் சிறுமிகளிடம், தான் ஒரு நடிகரை எதிர்த்து நிற்பதாகவும் லிங்கனைச் சுட்டவர் யார் என்று தெரியுமல்லவா என்றும் பேசுகிறார். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகர். அந்தக் காட்சி பிரவுனுக்கே வினையாயிற்று. ரீகன் ஏறத்தாழ 10 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

1980 மார்ச்சில் முன்னாள் அதிபர் ஃபோர்டே, ரீகனால் வெல்ல முடியாது என்ற எண்ணம் போகுமிடமெல்லாம் வளர்ந்துவருவதாகப் பத்திரிகையிடம் சொன்னார். ரீகனுக்கு வயது 69 என்பது வேறு.

1980 ஆகஸ்டில் என்ன கெட்டது, எப்படிச் சரியானது?

கட்சி மாநாடு முடிந்து முன்னிலையில் இருந்த வேட்பாளர், ஒரே மாதத்தில் அதைக் கரைத்துக்கொண்டார். ஆகஸ்டு 3 அன்று மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத் திருவிழாவில் ‘மாநிலங்களின் உரிமை’ பற்றிப் பேசினார். 1964-இல் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைக்காக உழைத்த தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்ட ஊருக்கு அருகில் அந்தச் சொல்லுக்கு இனப்பாகுபாட்டைக் காக்கும் உரிமை என்ற இன்னொரு பொருள் உண்டு. அதைச் சுட்டிக்காட்டியதை ஊடகச் சார்பு என்று தள்ளிவிட முடியாது. துணை அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் சீனாவில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வேளையில், தைவானோடு அதிகாரப்பூர்வ உறவு என்று இவர் ஒன்று சொன்னார். வியட்நாம் போரை ‘உன்னத நோக்கம்’ என்றார். செப்டம்பர் 1 அன்று, கார்ட்டர் பிரசாரம் தொடங்கிய அலபாமா ஊரைக் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு பிறந்த இடம் என்று சொல்லித் தெற்கு முழுவதையும் சீண்டினார்.

சரிசெய்த விதம் கவனிக்கத் தக்கது. 1966 பிரசாரத்தை நடத்திய ஸ்டூவர்ட் ஸ்பென்சரைத் திரும்ப அழைத்து, வேட்பாளர் பறக்கும் விமானத்திலேயே உட்கார வைத்தார்கள். உடனடியாகப் பதில் சொல்ல வேண்டிய திடீர்க் கேள்விகளைக் குறைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு செய்தி, அதுவும் விலைவாசி அல்லது வேலை. ‘போர் வெறியர்’ என்ற முத்திரைக்கு மறுப்பு அறிக்கை விட்டுக்கொண்டிருக்காமல், அக்டோபர் 19 அன்று அரைமணி நேரத் தொலைக்காட்சி நேரம் வாங்கி அமைதியைப் பற்றியே பேசினார்கள். பெண் வாக்காளர்களிடம் பின்தங்கியிருந்ததால், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிப்பதாக அக்டோபர் 14 அன்று வாக்குறுதி தந்தார். 1981-இல் சாண்ட்ரா டே ஓ’கானரை நியமித்து அதை நிறைவேற்றவும் செய்தார். பெண்களிடையே இருந்த இடைவெளி முழுவதும் மூடவில்லை. வாக்குச்சாவடிக் கணிப்புகளில் ஆண்களைவிடப் பெண்களிடம் 8 புள்ளி அளவுக்குக் குறைவாகவே வாங்கினார். ஆனால் தோற்கும் அளவுக்குக் குறையவில்லை.

ஒரே ஒரு விவாதம் தேர்தலையே மாற்றுமா?

தவறான பிம்பம் ஊறிய வேட்பாளருக்கு மட்டும் மாற்றும். 1980 அக்டோபர் 28, கிளீவ்லாந்து. ஏறத்தாழ 8 கோடிப் பேர் பார்த்தார்கள். பத்திரிகைகள் வருணித்த வெறியரை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள், நிதானமாகச் சிரிக்கும் பெரியவரைக் கண்டார்கள். எதிர்பார்ப்பு அவ்வளவு தாழ்ந்திருந்ததே அவருக்கு மூலதனமாயிற்று. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரை ரீகன் எதிர்த்தவர் என்று கார்ட்டர் அடுக்கியபோது, ரீகன் தலையை ஆட்டி, ‘மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களே’ என்ற பாவனையில் ஒரே வரியில் தட்டிவிட்டார். கார்ட்டர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 1961-இல் அந்த வகைத் திட்டத்தை எதிர்த்து ரீகன் இசைத்தட்டே பதிந்திருக்கிறார். ஆனால் பார்த்தவர்கள் மனதில் நின்றது விவரம் அல்ல, கோபப்படாத முகம். முடிவில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா என்று வாக்காளரையே கேட்டார்.

இதற்குப் பின்னால் ஒத்திகை இருந்தது. வர்ஜீனியாவில் வாடகை வீட்டின் வாகனக் கொட்டகையை மேடையாக்கி, மக்களவை உறுப்பினர் டேவிட் ஸ்டாக்மன் கார்ட்டராக நடித்துக் கேள்வி கேட்டார். கார்ட்டர் தரப்பின் விவாதத் தயாரிப்புக் குறிப்புகள் ரீகன் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தது 1983-இல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதையும் சொல்லாமல் அந்த இரவைப் புகழ்வது நேர்மை ஆகாது.

கருத்துக்கணிப்புகள் நெருக்கம் என்றன, முடிவில் 10 புள்ளி வித்தியாசம். கணிப்புகள் பொய்யா?

கேலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பு ரீகன் 47, கார்ட்டர் 44. வந்தது 50.7-க்கு 41.0. சுயேச்சை ஜான் ஆண்டர்சனுக்கு 6.6. கணிப்பு எடுத்து முடித்த பிறகும் மனம் மாறிக்கொண்டிருந்தது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். விவாதத்துக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே ஒரு வாரம்தான். வாக்குப்பதிவு நாளான நவம்பர் 4, பிணைக்கைதிகள் பிடிபட்ட முதலாண்டு நிறைவு நாளும்கூட.

கருத்துக்கணிப்பில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

‘யாருக்கு வாக்களிப்பீர்கள்’ என்ற எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, வேட்பாளரைப் பிடிக்காது என்பவர்களின் விழுக்காடும் ‘இன்னும் சரியாகத் தெரியாது’ என்பவர்களின் விழுக்காடும். பிடிக்காதவர்கள் 45, தெரியாதவர்கள் 20 என்றால் இன்னும் இடம் இருக்கிறது. பிடிக்காதவர்கள் 55, தெரியாதவர்கள் 4 என்றால் சுவர் எழும்பிவிட்டது. எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அசைவது கடினம்.

அடுத்து, அந்த வெறுப்பு எவ்வளவு கெட்டி என்று பார்க்க வேண்டும். ‘ஓரளவு பிடிக்காது’ என்பவர் மாறுவார். ‘எந்த நிலையிலும் வாக்களிக்க மாட்டேன்’ என்பவர் மாற மாட்டார். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் கணிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாவதாக, கட்சி சாராதவர்களின் எண். இங்கேதான் அதிகம் ஏமாறுவோம். 1,000 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை அளவு ஏறத்தாழ 3 புள்ளி. அதற்குள் கட்சி சாராதவர்கள் 200 பேர்தான் என்றால் அந்தக் குழுவுக்குப் பிழை அளவு 7 புள்ளி. இரு வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். ‘நடுநிலையாளர்களிடம் 6 புள்ளி சரிவு’ என்று தலைப்புப் போட்டால், 200 பேர் கணக்கில் அது சரிவே இல்லாமலும் இருக்கலாம். ஒரே நிறுவனம் ஒரே கேள்வியை மாதாமாதம் கேட்ட வரிசை கிடைத்தால் அதை மட்டும் நம்புங்கள்.

எதிர்க்கட்சியே ‘இவர் வந்தால் நமக்கு நல்லது’ என்று நினைப்பதற்கு என்ன மதிப்பு?

சில நேரம் அது தங்கமான எச்சரிக்கை, சில நேரம் அசட்டு நம்பிக்கை. 1966-இல் பேட் பிரவுன் தரப்பு, குடியரசுக் கட்சியின் மிதவாதியான ஜார்ஜ் கிறிஸ்டஃபரைவிட ரீகன் சுலபமான எதிராளி என்று நினைத்து, கிறிஸ்டஃபரைப் பற்றிய பழைய விவகாரத்தைப் பத்திரிகைக்குக் கசியவிட்டது. ரீகன் வந்தார், பிரவுன் பதவியை இழந்தார்.

2012-இல் மிசௌரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அதையே செய்து ஜெயித்தார். குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடக்கும்போது ஏறத்தாழ 17 லட்சம் டாலர் செலவில், எய்கின் ‘அளவுக்கு மீறிய வலதுசாரி’ என்று விளம்பரம் செய்தார். அது தாக்குதல் போல இருந்தாலும், வலதுசாரி வாக்காளரின் காதில் பரிந்துரையாக விழுந்தது. எய்கின் தேர்வானார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வன்புணர்வால் கருத்தரிப்பது பற்றி ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் அவர் பேசியது நாடு முழுவதும் வெடித்தது. கட்சித் தலைமை விலகச் சொன்னது, அவர் விலகவில்லை.

பிரவுனுக்கும் மெக்காஸ்கிலுக்கும் வித்தியாசம் என்ன? பிரவுன் ‘நடிகர்’ என்ற முத்திரையை நம்பினார். மெக்காஸ்கில் எய்கினின் பேச்சுப் பழக்கத்தை ஆராய்ந்திருந்தார்.

சாரா பேலின் விஷயத்தில் ஊடகம் அநியாயம் செய்ததா?

சிலவற்றில் செய்தது. பேலின் அப்போது அலாஸ்கா ஆளுநர், 2008-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ‘என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது’ என்று பேலின் சொன்னதாக இன்றும் பலர் நம்புகிறார்கள். சொன்னவர் அவரைப் போல நடித்த நகைச்சுவை நடிகை டினா ஃபே, 2008 செப்டம்பர் 13 அன்று. பேலின் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்பது. அது புவியியல்படி சரி. 2011-இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அவருடைய அரசியல் குழு வெளியிட்ட வரைபடத்தோடு தொடர்புபடுத்தி 2017-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி, விரைவிலேயே திருத்தம் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2022-இலும் மறுவிசாரணையில் 2025-இலும் நடுவர் குழு பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் 1964 சல்லிவன் தீர்ப்புப்படி, பொதுவாழ்வுப் பிரமுகர் அவதூறு வழக்கில் வெல்ல, பொய் என்று தெரிந்தே அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியதாக நிரூபிக்க வேண்டும். பிழை நடந்தது என்று காட்டுவது மட்டும் போதாது.

ஆனால் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் எடுத்த நேர்காணல் அநியாயக் கணக்கில் வராது. எந்தச் செய்தித்தாள்களைப் படிக்கிறீர்கள் என்பது வலைவீசும் கேள்வி இல்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முன்னால் வருகிற எல்லாவற்றையும் என்று சொல்லி நின்றார். இதில் பிரசாரக் குழுவுக்கும் பங்கு உண்டு. ஆகஸ்டு 29 அன்று அறிவித்துவிட்டு, முதல் பெரிய நேர்காணலுக்கு செப்டம்பர் 11 வரை விடாமல் வைத்திருந்தார்கள். உள்ளூர் நிருபர்கள், வானொலி என்று சிறிய சந்திப்புகளில் பழக்காமல், நாடே பார்க்கும் நேர்காணலில் முதன்முதலாக இறக்கினால் ஒவ்வொரு தடுமாற்றமும் தலைப்புச் செய்தியாகும். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக் கணிப்பில், அதிபராகத் தகுதி உண்டு என்றவர்கள் 38%, இல்லை என்றவர்கள் 60%.

அந்த எண்ணைத் திருத்த ஒரே வழி ஆளுநர் பதவியில் நன்றாக ஆண்டு காட்டுவது. 2009 ஜூலையில், பதவிக்காலம் முடியும் முன்பே அவர் விலகினார். ரீகனுக்குக் கைகொடுத்த இரண்டாவது காரணத்தைத் தன் கையாலேயே இழந்தார்.

பேலினுக்கு வெற்றி வாய்ப்பு இல்லை என்பதற்குத் தேர்தல் சான்று உண்டா?

உண்டு. இவ்வளவு சுத்தமான சான்று வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. 2022 ஆகஸ்டில் அலாஸ்காவின் ஒரே மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். முதன்முறையாக விருப்பவரிசை வாக்கு முறை: வாக்காளர் 1, 2 என்று வரிசைப்படுத்துவார், கடைசியில் நிற்பவர் நீங்கினால் அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஜனநாயகக் கட்சிக்கு மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சிக்கு பேலினும் நிக் பெகிச்சும். 2020-இல் டிரம்ப் 10 புள்ளியில் வென்ற மாநிலம் அது.

மூன்றாம் இடத்தில் இருந்த பெகிச் நீங்கியபோது அவரிடம் 53,810 வாக்குகள் இருந்தன. அவற்றில் பேலினுக்குப் போனது 27,053. பெல்டோலாவுக்கு 15,467. இரண்டாம் விருப்பமே குறிக்காமல் விட்டவை 11,290. அதாவது சொந்தக் கட்சிக்காரருக்கு வாக்களித்தவர்களில் பாதிப் பேர்தான் பேலினை ஏற்றார்கள். முடிவு: பெல்டோலா 91,266, பேலின் 86,026. வித்தியாசம் 5,240. வெறுமனே விட்ட 11,290 பேரில் பாதிப் பேர் பேலின் பெயருக்கு எதிரே 2 என்று குறித்திருந்தால் அவர் மக்களவைக்குப் போயிருப்பார். ஒரு பேனாக் கீற்று. அதைக்கூடப் போட மனம் வரவில்லை.

வாக்குச்சீட்டுத் தரவை ஆராய்ந்தபோது, பெல்டோலாவும் பெகிச்சும் மட்டும் நேருக்கு நேர் நின்றிருந்தால் பெகிச் வென்றிருப்பார் என்று தெரிந்தது. நவம்பரில் பேலின் மறுபடியும் தோற்றார். 2024-இல் அதே பெல்டோலாவை பெகிச் தோற்கடித்தார்.

2016-இல் டிரம்ப் வென்றதும் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிட்டதே?

பொய்க்கவில்லை. 2016 வாக்குச்சாவடிக் கணிப்பில் டிரம்புக்கும் தகுதி உண்டு என்றவர்கள் 38% தான், பேலினுக்கு வந்த அதே எண். ஆனால் எதிரே இருந்த ஹிலாரி கிளின்டனையும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிடிக்கவில்லை. இருவரையும் பிடிக்காதவர்கள் 18%. அவர்களில் ஏறத்தாழ 47% டிரம்புக்கும் 30% கிளின்டனுக்கும் போட்டார்கள். தேசிய வாக்கில் 46.1-க்கு 48.2 என்று பின்தங்கியும், தேர்வாளர் வாக்கில் 304-க்கு 227 என்று வென்றார். எதிர்மறைப் பிம்பத்தைத் தனியாக அளக்கக் கூடாது, எதிராளியின் பிம்பத்தோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ‘டிரம்ப் ஜெயித்தார், ஆகவே யாரும் ஜெயிக்கலாம்’ என்று கிளம்பியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ஊடகத்தை மொத்தமாக ஒதுக்கிவிடலாமா?

உட்கட்சித் தேர்தலில் ஓரளவு முடியும். 2016-இல் கேலப் கணிப்பில் ஊடகத்தை நம்பும் குடியரசுக் கட்சியினர் 14% மட்டுமே. ஆகவே ஊடகத்தைத் திட்டுவது அங்கே கைதட்டல் வாங்கும். பொதுத் தேர்தலில் வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் அரசியலையே அதிகம் பார்க்காதவர்கள். அவர்கள் காதில் ‘ஊடகம் என்னை விடுவதில்லை’ என்பது புலம்பலாகவே விழும். ரீகன் வானொலியில் தனிவழி அமைத்தார், நிருபர்களோடும் பேசினார். இரண்டையும் செய்தார்.

தவறான செய்தி வந்துவிட்டால் பிரசாரக் குழு என்ன செய்ய வேண்டும்?

முதல் சில மணி நேரத்துக்குள் முழு ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் வெளியிட வேண்டும், துண்டுக் காணொளியை அல்ல. ஒவ்வொரு நேர்காணலையும் குழு தன் கருவியிலும் பதிந்து வைத்திருந்தால்தான் இது முடியும். அடுத்து, திருத்தம் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம். அதில் எந்த வாக்கியம், எது உண்மை, ஆதாரம் எங்கே என்று மட்டும். வசை வேண்டாம். திருத்தம் வந்தால் அதைப் பரப்ப வேண்டும். மறுப்பில் குற்றச்சாட்டின் சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது. 2010-இல் டெலவேரில் செனட் தேர்தலுக்கு நின்ற கிறிஸ்டீன் ஓ’டானல், ‘நான் சூனியக்காரி இல்லை’ என்ற வரியோடு விளம்பரத்தைத் தொடங்கினார். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்ன ஒரு பேச்சை மறுக்க எடுத்த விளம்பரம் அது. அந்தச் சொல்லை அதுவரை கேட்காதவர்களும் கேட்டார்கள். 56.6-க்கு 40 என்று தோற்றார்.

செய்தி பாதி உண்மை என்றால் பாதியை ஒப்புக்கொண்டு மீதியைத் திருத்துவதே உத்தமம். முழுதாக மறுத்தால், மறுநாள் மீதி ஒலிப்பதிவு வெளிவரும்போது இரண்டாவது தலைப்புச் செய்தியும் உங்களுக்கு எதிராகவே வரும்.